அப்பா வழியில் வந்த அபாயம்

எங்கள் குடும்பத்தில் பிஆர்சிஏ2 என்னும் மரபணுவில் ஏற்பட்ட ஒரு பிறழ்வு தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து வருகிறது. எனக்கும் அது இருப்பதை என்னுடைய 38ஆவது வயதில் தெரிந்துகொண்டேன். எனக்குப் புற்றுநோய் இல்லை. ஆனால் மார்பகத்திலும் சினைப்பையிலும் அது வருவதற்கான வாய்ப்பு மற்றப் பெண்களைவிட எனக்குப் பல மடங்கு அதிகம். நோயாளியாகவும் இல்லாமல், நோயைப் பற்றி நினைக்காமல் இருக்கவும் முடியாமல் வாழும் இந்த நிலையில் நான் கற்றுக்கொண்டவற்றை, இதே நிலையில் இருக்கக்கூடிய தமிழ்ப் பெண்களுக்காகவும், அவர்களுடைய அண்ணன் தம்பிகளுக்காகவும் எழுதுகிறேன். எனக்குச் சரியாக அமைந்த முடிவு எல்லோருக்கும் பொருந்தும் என்று நான் நினைக்கவில்லை.

சிவகங்கைப் பக்கத்துக் கிராமம் ஒன்று அப்பாவின் ஊர். அப்பத்தா ஐம்பது வயதைத் தொடும் முன்பே, வயிற்றில் நீர் கோத்து, உடம்பு இளைத்து இறந்துபோனதாகச் சொல்வார்கள். அது என்ன நோய் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. அத்தைக்கு 43 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்தது. பெரியப்பாவுக்கு 56 வயதில் புரோஸ்டேட் சுரப்பியில் வந்து, கண்டுபிடித்தபோதே எலும்புக்குப் பரவியிருந்தது. பிறகு அத்தை மகளுக்கு, அவள் கைக்குழந்தையை வைத்திருந்தபோது, 36 வயதில் மார்பில் கட்டி தென்பட்டது. ஒவ்வொரு சாவும் ஒவ்வொரு நோயும் தனித்தனியாகவே அழப்பட்டன. ஒருவருக்குத் தலையெழுத்து, ஒருவருக்கு வெற்றிலை, ஒருவருக்கு மன வருத்தம் என்று காரணங்களும் தனித்தனியாகவே சொல்லப்பட்டன. நான்கையும் ஒரே தாளில் எழுதிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

அத்தை மகளின் செய்தி கேட்டுப் பயந்து நான் ஒரு மகப்பேறு மருத்துவரைப் பார்த்தேன். அம்மாவுக்கோ அம்மாவுடன் பிறந்தவர்களுக்கோ இந்த நோய் உண்டா என்று கேட்டார். இல்லை என்றதும், அப்படியானால் கவலைப்பட வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். மார்பகப் புற்றுநோய் பெண்களுக்கு வருவதால் பெண் வழியில்தான் வரும் என்ற எண்ணம் படித்தவர்களிடமும் வேரூன்றியிருக்கிறது. இந்த மரபணு 13ஆவது குரோமோசோமில் இருக்கிறது. அதன் ஒரு பிரதியை அம்மாவிடமிருந்தும் மற்றொன்றை அப்பாவிடமிருந்தும் பெறுகிறோம். பிறழ்ந்த பிரதியைச் சுமப்பவர் ஆணாக இருந்தாலும் பெண்ணாக இருந்தாலும், அவருடைய ஒவ்வொரு குழந்தைக்கும் அது போய்ச்சேரச் சரிபாதி வாய்ப்பு உண்டு. அப்பாவுக்கு எழுபது வயதைத் தாண்டியும் எந்தப் புற்றுநோயும் வரவில்லை. ஆண்கள் இப்படி நோயின்றிச் சுமந்து மகள்களிடம் ஒப்படைப்பதால், அப்பா வழி வரலாறு கேட்கப்படாமலேயே போய்விடுகிறது.

மரபணு ஆலோசகர் ஒருவரிடம் போன பிறகுதான் எனக்கு இதன் அடிப்படை விளங்கியது. நம் உயிரணுக்களுக்குள் இருக்கும் டிஎன்ஏ இழைகள் அன்றாடம் சேதமடைகின்றன. அவற்றைப் பழுதுபார்க்கும் புரதங்களை உண்டாக்குவதே பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 ஆகிய மரபணுக்களின் வேலை. ஒரு பிரதி பிறவியிலேயே பழுதாக இருப்பவருக்கு, ஏதோ ஓர் உயிரணுவில் மற்றொரு பிரதியும் கெட்டுவிட்டால், அந்த அணுவில் பழுதுபார்ப்பு நின்று, பிழைகள் சேர்ந்து, புற்றாக மாற வழி ஏற்படுகிறது. மார்பகப் புற்றுநோய் குடும்பவழியில் வரக்கூடும் என்பதற்கு மரபணுச் சான்றாக 17ஆவது குரோமோசோமின் ஒரு பகுதியை அமெரிக்க மரபியல் ஆய்வாளர் மேரி கிளேர் கிங் 1990இல் சுட்டிக்காட்டினார். அங்கிருந்த பிஆர்சிஏ1 மரபணு 1994இலும், பிஆர்சிஏ2 அதற்கடுத்த ஆண்டிலும் அடையாளம் காணப்பட்டன.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். மார்பகப் புற்றுநோய் வருபவர்களில் ஏறத்தாழ 5 முதல் 10 விழுக்காட்டினருக்கே இப்படிப் பரம்பரைக் காரணம் இருக்கிறது. அறுபத்தைந்து வயதில் பாட்டி ஒருவருக்கு நோய் வந்தது என்பதற்காகப் பேத்திகள் அனைவரும் அஞ்ச வேண்டியதில்லை. ஐம்பது வயதுக்கு முன்பே வந்திருப்பது, இரண்டு மார்பகங்களிலும் வந்திருப்பது, குடும்பத்தில் ஓர் ஆணுக்கு மார்பகப் புற்றுநோய் வந்திருப்பது, யாருக்கேனும் சினைப்பையில் வந்திருப்பது, ஒரே வழியில் மார்பகம், சினைப்பை, கணையம், புரோஸ்டேட் என்று பலருக்கு வந்திருப்பது ஆகியவைதாம் கவனிக்க வேண்டிய அடையாளங்கள். சினைப்பைப் புற்றின் அறிகுறியாக இருந்திருக்கக்கூடிய அப்பத்தாவின் வயிற்று நீரும் பெரியப்பாவின் புரோஸ்டேட்டும் அத்தையின் மார்பகமும் ஒரே கதையின் பகுதிகளாக இருக்கலாம் என்று அந்த ஆலோசகர் சொன்னபோது, பல ஆண்டுகளாக வீட்டில் காரணமின்றிக் கிடந்த துயரங்களுக்கு முதன்முறையாக ஒரு காரணம் தெரிந்தது. பயந்தேன் என்பது உண்மை. அதே அளவுக்கு ஆறுதலும் அடைந்தேன்.

பரிசோதனையை நோய் வந்தவரிடம் தொடங்குவதே முறை. நான் நேராகப் போய் இரத்தம் கொடுத்து, ஒன்றும் இல்லை என்று முடிவு வந்திருந்தால், குடும்பத்தில் பிறழ்வே இல்லையா, இருந்தும் எனக்கு வரவில்லையா, அல்லது அந்தச் சோதனையால் கண்டுபிடிக்க முடியாத ஒன்றா என்று சொல்ல வழியில்லை. ஆகவே அத்தை மகளுக்குத்தான் முதலில் பல மரபணுக்களையும் சேர்த்துப் பார்க்கும் முழுச் சோதனை செய்யப்பட்டது. அதில் பிஆர்சிஏ2 பிறழ்வு இன்ன இடத்தில் இருக்கிறது என்று தெரிந்ததும், எனக்கும் என் தம்பிக்கும் அந்த ஓர் இடத்தை மட்டும் பார்த்தால் போதுமானதாக இருந்தது. அதற்குச் செலவும் முழுச் சோதனையைவிட மிகக் குறைவு. இந்த முடிவு அத்தை மகளின் சிகிச்சைக்கும் பயன்பட்டது, ஏனென்றால் இத்தகைய பிறழ்வு உள்ளவர்களின் புற்றுக்கென்றே ஒலாபாரிப் போன்ற மருந்துகள் இப்போது இருக்கின்றன. தம்பிக்கு இல்லை என்று வந்தது. அவனுடைய பிள்ளைகளுக்கு இனி இந்தக் கவலை இல்லை. எனக்கு இருக்கிறது என்று வந்தது.

அறிக்கையில் வரக்கூடிய மூன்றாவது வகை முடிவைப் பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். மரபணுவில் ஒரு மாற்றம் காணப்படும். ஆனால் அது நோய்க்குக் காரணமாகுமா, தீங்கற்றதா என்று அறிவியலுக்கே இன்னும் தெரியாது. உட்பொருள் தெளிவாகாத மாற்றம் என்று அதைக் குறிப்பார்கள். இந்தியக் குடும்பங்களின் மரபணுத் தரவுகள் உலகத் தொகுப்புகளில் குறைவு என்பதால், நம்மவர்களுக்கு இவ்வகை முடிவு சற்று அதிகமாகவே வருகிறது. அதை வைத்துக்கொண்டு அறுவை சிகிச்சை செய்யக் கூடாது; குடும்பத்தின் நோய் வரலாற்றை வைத்தே முடிவெடுக்க வேண்டும். சில ஆண்டுகள் கழித்து அந்த மாற்றம் மறுவகைப்படுத்தப்பட்டதா என்று ஆய்வகத்திடம் கேட்பதும் அவசியம், ஏனெனில் அவற்றில் பெரும்பாலானவை தீங்கற்றவை என்றே பின்னர் முடிவாகின்றன.

என் முடிவை அப்பாவிடம் சொன்ன மாலையைவிடக் கடினமான மாலை எனக்கு இந்த விஷயத்தில் வேறில்லை. "என்னாலதானம்மா உனக்கு இது" என்று சொல்லிவிட்டு நெடுநேரம் அவர் பேசவில்லை. சோதனைக்கு முன்பே ஆலோசகர் இதை எதிர்பார்த்து எனக்கு ஒரு வழி சொல்லியிருந்தார்: அடுத்த சந்திப்புக்கு அப்பாவையும் அழைத்து வரச் சொன்னார். அங்கே ஒரு தாளில் அப்பத்தாவிலிருந்து தொடங்கிக் கோடு போட்டுக் காட்டி, அப்பத்தாவுக்கும் அது யாரிடமிருந்தோ வந்ததுதான் என்பதையும், எந்தப் பிரதி யாருக்குப் போகும் என்பதில் யாருடைய செயலுக்கும் இடமில்லை என்பதையும் அவரே அப்பாவுக்கு விளக்கினார். நான் நூறு முறை சொன்னாலும் ஏற்காதவர், வெளியார் ஒருவர் நிதானமாகச் சொன்னதை ஏற்றுக்கொண்டார். முடிவு வாங்கப் போகும்போது, அதனால் குற்றவுணர்ச்சி அடையக்கூடிய பெற்றோரையும் அழைத்துச் செல்லுங்கள்.

எண்களைப் பற்றி அடுத்துச் சொல்கிறேன், ஏனென்றால் பலரை நிலைகுலைய வைப்பது அவைதாம். பிறழ்வு உள்ள ஏறத்தாழ 10,000 பெண்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த பெரிய ஆய்வு ஒன்று 2017இல் வெளியானது. பிஆர்சிஏ2 பிறழ்வு உள்ளவர்களில் 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வருவதற்கான வாய்ப்பு 69 விழுக்காடு என்றும், சினைப்பைப் புற்றுநோய்க்கு 17 விழுக்காடு என்றும் அது கணித்தது. பிஆர்சிஏ1 என்றால் முறையே 72, 44. அறுபத்தொன்பது என்ற எண்ணைக் கேட்டதும் நாளைக்கே வந்துவிடும் என்று மனம் எண்ணிக்கொள்ளும். ஆனால் அது எண்பது வயது வரையிலான முழு ஆயுளுக்கான கணக்கு. அதே ஆய்வின்படி ஐம்பது வயதுக்குள் நோய் வருவது ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத்தான். ஆகவே மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி, என் வயதில் அடுத்த பத்தாண்டுகளுக்கு எனக்குள்ள வாய்ப்பு எவ்வளவு என்பதுதான். அந்தக் கேள்வி என்னைத் திட்டமிட வைத்தது.

இது வெள்ளைக்காரர்களுக்கு வரும் பிரச்சினை என்று உறவினர் சிலர் வாதிட்டார்கள். 2013இல் ஆஞ்சலினா ஜோலி தமக்கு பிஆர்சிஏ1 பிறழ்வு இருப்பதையும், இரு மார்பகங்களையும் முன்கூட்டியே அகற்றிக்கொண்டதையும் வெளிப்படையாக எழுதிய பிறகு, இச்செய்தி நம் நாளிதழ்களில் நடிகையின் செய்தியாகவே வந்து பதிந்துவிட்டது. ஆனால் கிழக்கு ஐரோப்பிய யூதர்களிடம் மிகுதி என்று முதலில் அறியப்பட்ட ஒரு பிஆர்சிஏ1 பிறழ்வு, தென்னிந்தியக் குடும்பங்களிலும் திரும்பத் திரும்பக் கண்டறியப்பட்டிருக்கிறது. இந்த நோய்க்குச் சாதியும் நாடும் கிடையாது.

என் அன்றாடத்தை இப்போது வடிவமைப்பது கண்காணிப்புதான். பிறழ்வு உள்ள பெண்களுக்கு 25 வயதிலிருந்து ஆண்டுக்கொருமுறை மார்பக எம்ஆர்ஐயும், 30 வயதிலிருந்து அதோடு மார்பக எக்ஸ்ரேயான மேமோகிராமும் பரிந்துரைக்கப்படுகின்றன. இளம் வயதில் மார்பகத் திசு அடர்த்தியாக இருப்பதால் மேமோகிராமில் கட்டி மறைந்துவிடக்கூடும். எம்ஆர்ஐ அதைக் காட்டிக்கொடுக்கும். நான் இரண்டையும் ஆறு மாத இடைவெளியில் மாற்றி மாற்றிச் செய்துகொள்கிறேன், அதனால் எந்த நேரத்திலும் கடைசிச் சோதனை நடந்து அரையாண்டுக்கு மேல் ஆகியிருக்காது. எம்ஆர்ஐயை மாதவிடாய் தொடங்கிய ஏழாம் நாளுக்கும் பதினான்காம் நாளுக்கும் இடையே எடுக்க வேண்டும். மற்ற நாட்களில் எடுத்தால் ஹார்மோன் காரணமாகத் திசு முழுவதும் ஒளிர்ந்து, இல்லாத சந்தேகங்கள் கிளம்பும். முன்பதிவு செய்யும்போதே, மார்பகத்தைப் படமெடுப்பதற்கென்றே தனியான சுருள் (breast coil) அந்த எந்திரத்தில் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். எல்லா ஸ்கேன் மையங்களிலும் அது கிடையாது. அது இல்லாமல் எடுக்கும் படத்தால் பயனில்லை.

குப்புறப் படுத்து, மார்பகங்கள் அதற்கான பள்ளங்களில் தொங்க, அரைமணி நேரம் வரை அசையாமல் இருக்க வேண்டும். நரம்பு வழியாக ஒரு மருந்து செலுத்துவார்கள் என்பதால், சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின் பரிசோதனை முன்பே எடுத்திருக்க வேண்டும். உலோகம் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. புடவையில் குத்திய ஊக்கு, மூக்குத்தி, மெட்டி, தாலிச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். தாலியைக் கழற்ற மனம் ஒப்பாமல் வாசல் வரை வந்து திரும்பிப்போன பெண்களைக் காத்திருப்பு அறையில் கண்டிருக்கிறேன். அவர்களில் ஒருவரிடம், முதல் நாளே வீட்டில் மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டைக் கோத்துக் கட்டிக்கொண்டு வந்தால் போதும் என்று சொன்னேன். என் மாமியார் எனக்குச் செய்து கொடுத்த ஏற்பாடு அது. மேமோகிராமுக்குப் போகும் நாளில் அக்குளிலும் மார்பிலும் பவுடர், வாசனைத் திரவியம் எதுவும் பூசக் கூடாது, ஏனென்றால் அவற்றின் துகள்கள் படத்தில் சுண்ணாம்புப் படிவுகளைப் போலத் தெரியும். பழைய படங்களின் குறுந்தகட்டை ஒவ்வொரு முறையும் எடுத்துச் செல்லுங்கள். புதிய நிழல் ஒன்று தெரிந்தால், அது போன ஆண்டும் இருந்ததா என்பதுதான் மருத்துவர் முதலில் பார்ப்பது.

இப்படிக் கூர்ந்து பார்த்தால் பொய்யான அச்சங்களும் வரத்தான் செய்யும். எனக்கும் ஒரு முறை படத்தில் சந்தேகம் என்று, திசுவைச் சிறிது எடுத்துச் சோதிக்கும் பயாப்சி செய்தார்கள். தீங்கற்ற சாதாரணக் கட்டி என்று முடிவு வந்தது. அந்த முடிவுக்காகக் காத்திருந்த நாட்களில் என்னால் பாடம் நடத்த முடியவில்லை. அதன்பின், மகளின் தேர்வுக் காலத்திலும் பள்ளி ஆண்டுத் தொடக்கத்திலும் சோதனை வராதபடி நாட்களை அமைத்துக்கொண்டேன். என் கணவரும் தன் விடுப்பை அதற்கேற்ப வைத்துக்கொள்கிறார். ஆண்டு முழுவதும் பயப்படுவதற்குப் பதில், சோதனை நடக்கும் இரண்டு வாரங்களுக்குள் பயத்தை ஒதுக்கிவைக்க எனக்கு இது உதவுகிறது. முழு உடல் பரிசோதனை என்று விற்கப்படும் தொகுப்புகளில் உள்ள இரத்தக் குறியீடுகள் மார்பகப் புற்றைத் தொடக்கத்தில் கண்டுபிடிக்கப் பயன்படா. அவற்றின் மீது பணத்தையும் நம்பிக்கையையும் செலவிட வேண்டாம்.

சினைப்பையின் நிலைமை வேறு. அங்கே தொடங்கும் புற்றைத் தொடக்கத்திலேயே பிடிக்க நம்பத்தக்க சோதனை எதுவும் இல்லை. ஸ்கேனும் சிஏ 125 இரத்தப் பரிசோதனையும் பலருக்கு நோய் முற்றிய பிறகே எச்சரிக்கின்றன. ஆகவே பிள்ளைப்பேறு முடிந்த பின் சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் அகற்றிவிடுவதே பரிந்துரை: பிஆர்சிஏ1 என்றால் 35 முதல் 40 வயதுக்குள், பிஆர்சிஏ2 என்றால் 40 முதல் 45 வயதுக்குள். இந்த நோயின் பெரும்பகுதி உண்மையில் கருக்குழாயின் நுனியில் தொடங்குகிறது என்பதால் குழாய்களை விட்டுவைக்கக் கூடாது. நான் 41 வயதில், சிறு துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப் முறையில் செய்துகொண்டேன். அறுவை சிகிச்சைக்கு முன், பிறழ்வின் விவரத்தை, அகற்றிய உறுப்புகளைச் சோதிக்கும் நோய்க்குறியியல் பிரிவுக்குச் செல்லும் படிவத்தில் எழுதும்படி கேட்டுக்கொள்ளுங்கள். அப்போதுதான் குழாய்களை முழுவதுமாக மெல்லிய துண்டுகளாக்கி, கண்ணுக்குத் தெரியாத புற்றணுக்கள் இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். இது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் இதைச் சொல்லாவிட்டால் வழக்கமான மாதிரித் துண்டுகளோடு முடித்துவிடுவதற்கு இடமுண்டு.

அந்த அறுவை சிகிச்சையோடு மாதவிடாய் ஒரே நாளில் நின்றுவிடும். இயல்பாக நிற்பதில் உடம்புக்குக் கிடைக்கும் சில ஆண்டுகள் இதில் கிடைப்பதில்லை. நள்ளிரவில் உடம்பு கொதித்து வியர்வையில் விழித்துக்கொள்வது, தூக்கமின்மை, மூட்டுவலி, காரணமற்ற எரிச்சல், தாம்பத்தியத்தில் வறட்சியும் வலியும் என்று எல்லாம் வந்தன. இவற்றைப் பற்றி முன்பே சொல்லாமல், தையல் பிரித்ததும் அனுப்பிவிடும் இடங்கள் இருக்கின்றன, நீங்களே கேளுங்கள். மார்பகப் புற்றுநோய் வராத பெண்கள், மருத்துவரின் மேற்பார்வையில், இயல்பாக மாதவிடாய் நிற்கும் வயது வரை ஹார்மோன் மாற்று மருந்து எடுத்துக்கொள்ள இடமுண்டு. நானும் எடுத்துக்கொள்கிறேன். எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனும் என் பட்டியலில் சேர்ந்திருக்கிறது.

மார்பகங்களை அகற்றிக்கொள்ள நான் இன்னும் முடிவு செய்யவில்லை. அந்த அறுவை சிகிச்சை நோய் வாய்ப்பைத் தொண்ணூறு விழுக்காட்டுக்கும் மேல் குறைக்கிறது. ஆயினும் அது பெரிய அறுவை சிகிச்சை, மார்பின் உணர்ச்சி பெரும்பாலும் திரும்புவதில்லை. அத்தை மகள் தன் சிகிச்சையின்போது மறுபக்க மார்பகத்தையும் சேர்த்து அகற்றிக்கொண்டாள், இனி நிம்மதியாகத் தூங்குவேன் என்றாள். அவள் முடிவை நான் மதிக்கிறேன்; கண்காணிப்பை நம்பி இருக்கும் என் முடிவை அவள் மதிக்கிறாள். எங்கள் இருவரையும் ஒப்பிட்டுப் பேசும் உறவினர்களிடம் அவளே பதில் சொல்லிவிடுகிறாள்.

காப்பீட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மரபணுக் கோளாறு என்ற காரணத்தைக் காட்டி உரிமைக் கோரிக்கையை நிராகரிக்கக் கூடாது என்று 2018 மார்ச்சில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. ஆனால் நோய் வருமுன் செய்யப்படும் அறுவை சிகிச்சைக்குப் பணம் கிடைக்குமா என்பது பாலிசிக்குப் பாலிசி வேறுபடும். எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். விண்ணப்பப் படிவத்தில் கேட்கப்படும் எதையும் மறைக்காதீர்கள்.

எல்லாவற்றிலும் அதிக உழைப்பு தேவைப்பட்டது உறவினர்களிடம் சொல்வதற்குத்தான். நம் குடும்பங்களில் புற்றுநோயை மறைப்பதற்குப் பெரும்பாலும் காரணம் பெண்களின் திருமணம். சம்பந்தம் பேசும்போது தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டார் விலகிவிடுவார்கள் என்ற அச்சம் பொய்யானது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மறைத்ததால் பெரியப்பா மகளுக்குத் தன் அப்பாவின் நோய் தனக்குச் சம்பந்தமுடையது என்றே தெரியாமல் இருந்தது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, அந்தத் துயரத்தை வீட்டுக்குள் பூட்டி வைக்காமல் ஊரறியப் பேசி உழைத்ததன் பயனாகத்தான் 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை உருவாயிற்று. அவரை நினைத்துக்கொண்டுதான் நான் பெரியப்பா வீட்டுப் படியேறினேன்.

நேரில் பேசியதோடு ஒரு பக்கக் கடிதமும் கொடுத்தேன். மரபணுவின் பெயர், பிறழ்வின் குறியீடு, சோதித்த ஆய்வகம், இந்த ஓர் இடத்தை மட்டும் சோதித்தால் போதும் என்ற வரி, ஆண்களும் சோதித்துக்கொள்ள வேண்டிய காரணம் ஆகியவை அதில் இருந்தன. பிஆர்சிஏ2 உள்ள ஆண்களுக்கு மார்பகப் புற்றும் வரலாம். புரோஸ்டேட் புற்று அவர்களுக்கு இளவயதிலும் வீரியத்தோடும் வருவதால், 40 வயதிலிருந்து அதற்கான பிஎஸ்ஏ இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அப்போது பெரியப்பா மகளுக்கும் அத்தை மகனுக்கும் முறை என்பதால் திருமணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. இருவருமே இப்பிறழ்வைச் சுமந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இரண்டு பிரதிகளும் பழுதாக அமைய நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. அதனால் வரும் ஃபான்கோனி இரத்தசோகை, எலும்பு மச்சையைக் கெடுத்துச் சிறுவயதிலேயே புற்றையும் கொண்டுவரும் கொடிய நோய். இருவரும் சோதித்துக்கொண்டார்கள். அவளுக்கு இருந்தது, அவனுக்கு இல்லை. திருமணம் நடந்தது. அவள் இப்போது எம்ஆர்ஐ கண்காணிப்பில் இருக்கிறாள்.

என் பிள்ளைகளுக்கு இன்னும் சோதிக்கவில்லை. சிறுவயதில் செய்யக்கூடிய தடுப்பு நடவடிக்கை எதுவும் இல்லாததால், பதினெட்டு வயதுக்கு முன் சோதிப்பதில்லை. அதன் பிறகும் அது அவரவர் முடிவு. மகளைப் போலவே மகனுக்கும் பாதி வாய்ப்பு என்பதை இருவரிடமும் சேர்த்து உட்கார வைத்துச் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் குடும்பத்தில் மேலே சொன்ன அடையாளங்கள் இருந்தால், மரபணு ஆலோசனை உள்ள பெரிய புற்றுநோய் மருத்துவமனை ஒன்றுக்குச் செல்லுங்கள். அடையாறு மருத்துவமனையிலும் வேலூர் சிஎம்சியிலும் இதற்கான பிரிவுகள் இருக்கின்றன. போகுமுன் அப்பா வழி, அம்மா வழி இரண்டிலும் மூன்று தலைமுறையை ஒரு தாளில் எழுதுங்கள். யாருக்கு என்ன நோய், எந்த வயதில், இரு பக்கமுமா, உயிரோடு இருக்கிறாரா என்று குறியுங்கள். இறந்தவர்களின் பழைய பயாப்சி அறிக்கை ஏதேனும் பீரோவில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ஊரில் வயதான பெரியம்மா, சின்னத்தாத்தா யாரேனும் இருந்தால் அவர்களிடம் இப்போதே கேட்டுவிடுங்கள், ஏனென்றால் வயிற்றில் நீர் கோத்துச் செத்துப்போனவர் யார் என்பது அவர்களுக்கு மட்டுமே தெரிந்திருக்கும்.